பிள்ளைக்கு உளவியல் மதிப்பீடு: பள்ளியிலா, தனியாரிடமா, மருத்துவமனையிலா, இல்லை இப்போதைக்கு வேண்டாமா?

‘பிள்ளைக்கு ஓர் அசெஸ்மென்ட் எடுத்துவிடுங்கள்’ என்று வகுப்பாசிரியர் ஒரே வரியில் சொல்லிவிடுகிறார். எந்த அசெஸ்மென்ட், யாரிடம், எதற்காக என்பதெல்லாம் அந்த வரியில் இருப்பதில்லை. அன்றிரவே பெற்றோர் இணையத்தில் தேடத் தொடங்கி, பத்து நிமிட வினாத்தாள் முதல் மூன்று நாள் நீளும் முழு மதிப்பீடு வரை கண்ணில் பட்டதையெல்லாம் ஒரே தட்டில் வைத்து, ‘இவற்றில் எது நல்லது?’ என்று கேட்கிறார்கள். கேள்வியை அப்படிக் கேட்டால் பயனுள்ள விடை கிடைக்காது. நல்ல சோதனை, மோசமான சோதனை என்ற பிரிவைக் காட்டிலும், நமக்கு விடை வேண்டிய கேள்வி எது, அந்த விடை வந்தபின் யார் எதை மாற்றப்போகிறார்கள் என்ற இரண்டும்தான் இங்கே தேர்வைத் தீர்மானிக்கின்றன. ஆகவே வழிகளை எடைபோடும் முன் எடைக்கற்களைச் சொல்லிவிடுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது?

முதலாவது, கேள்வி. ‘இவள் ஏன் எழுத்துக்கூட்டியே படிக்கிறாள்?’, ‘பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்குமா?’, ‘இது ஆட்டிசமாக இருக்குமோ?’ ஆகிய மூன்றும் ஒரே கவலையிலிருந்து பிறந்தவையாகத் தோன்றினாலும், மூன்றுக்கும் வேண்டிய கருவிகள் வேறு, ஆட்கள் வேறு, ஆவணங்கள் வேறு. இத்துறையின் தொடக்கமே ஒரு குறிப்பிட்ட கேள்வியிலிருந்துதான் வந்தது. 1905இல் பாரிசில் உளவியலாளர் ஆல்ஃபிரட் பினேயும் அவரோடு பணியாற்றிய தியோடோர் சிமோனும் தங்கள் நுண்ணறிவு அளவுகோலை வெளியிட்டது, வழக்கமான வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளில் யாருக்குத் தனி உதவி வேண்டும் என்று கண்டறியத்தான். பிறவியிலேயே முடிவாகிவிட்ட ஓர் அளவை அது காட்டுகிறது என்று எடுத்துக்கொள்வதைப் பினேயே எதிர்த்தார். அந்த எச்சரிக்கையை மறந்துதான், உதவி தேடப் பிறந்த கருவியை நாம் பல நேரங்களில் தரம் பிரிக்கப் பயன்படுத்துகிறோம்.

இரண்டாவது, மொழியும் ஒப்பீட்டுக் குழுவும். இதைப் பெற்றோர் பெரும்பாலும் கேட்பதே இல்லை, ஆனால் மற்ற எல்லாவற்றையும் விட அதிகமாக முடிவைப் புரட்டிப்போடுவது இதுதான். எந்த மதிப்பெண்ணும் தனியே நின்று பொருள் தருவதில்லை; அதே வயதுப் பிள்ளைகளின் ஒரு பெருங்குழுவோடு ஒப்பிட்டே அது கணக்கிடப்படுகிறது. அந்தக் குழு வேறொரு மொழியில் வளர்ந்ததாகவோ, ஒரு தலைமுறைக்கு முந்தையதாகவோ இருந்தால் கணக்கு பிசகும். இருபதாம் நூற்றாண்டில் பல நாடுகளில் நுண்ணறிவுச் சோதனைகளின் சராசரி பத்தாண்டுக்கு ஏறக்குறைய 3 புள்ளி வீதம் உயர்ந்துவந்ததை ஆய்வாளர் ஜேம்ஸ் ஃபிளின் எடுத்துக்காட்டினார். அண்மைக் காலத்தில் சில நாடுகளில் இந்த ஏற்றம் நின்றும் போயிருக்கிறது. ஏற்றம் இருந்த இடத்தில், முப்பது ஆண்டுப் பழைய ஒப்பீட்டுக் குழுவை வைத்துக் கணக்கிட்டால் பிள்ளையின் மதிப்பெண் சுமார் 9 புள்ளி கூடுதலாகத் தெரியும். அறிவுத்திறன் குறைபாட்டுக்கு வழக்கமாகக் கொள்ளப்படும் 70 என்ற எல்லைக்கோட்டின் அருகில் நிற்கும் பிள்ளைக்கு, கிடைக்க வேண்டிய உதவி இதனாலேயே கைநழுவலாம்.

வாசிப்புச் சோதனைகளில் மொழி இன்னும் நுட்பமாகக் குறுக்கிடுகிறது. வாசிப்பில் தடுமாறவைக்கும் கற்றல் குறைபாடான டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை, ஆங்கிலத்தில் சொற்களைத் தவறாக வாசிக்கும். எழுத்துக்கும் ஒலிக்கும் நேரான தொடர்புள்ள மொழிகளில் அதே சிக்கல் உள்ள பிள்ளை சரியாகவே வாசிக்கும், ஆனால் மிக மெதுவாக வாசிக்கும். பிழைகளை மட்டும் எண்ணும் சோதனை அந்தப் பிள்ளையைக் கோட்டைவிடும். இரண்டு மொழிகளில் படிக்கும் பிள்ளையை ஒரு மொழியில் மட்டும் சோதித்துவிட்டு ‘சொல்வளம் குறைவு’ என்று எழுதுவது, அவள் பணத்தை இரண்டு வங்கிகளில் போட்டு வைத்திருக்க, ஒரே பாஸ்புக்கைப் பார்த்து ஏழை என்று சொல்வதைப் போன்றது.

மூன்றாவது, எத்தனை இடங்களிலிருந்து தகவல் திரட்டப்படுகிறது என்பது. மனநலச் சிக்கல்களைக் கண்டறிய 2013இல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்கக் கையேட்டின்படி ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகையியக்கமும் உள்ள கோளாறு) என்று முடிவு செய்ய, அறிகுறிகள் பல 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது வெளிப்பட வேண்டும். ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதப்பட்ட ஏ.டி.எச்.டி. அறிக்கையைக் கண்டால், அதன் மற்ற பக்கங்களையும் நான் சந்தேகத்தோடுதான் வாசிப்பேன். வகுப்பிலேயே மிக இளைய பிள்ளைகளுக்கு, மூத்தவர்களை விட அதிகமாக இந்தப் பெயர் சூட்டப்படுகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சில மாத வயது வித்தியாசத்தையே நோயாக வாசிக்கும் அபாயம் அவ்வளவு அருகில் இருக்கிறது.

மீதமுள்ளவை வெளிப்படையானவை: செய்பவரின் தகுதி, பணம், காத்திருக்கும் காலம், கையில் கிடைக்கும் அறிக்கையைப் பள்ளியும் தேர்வு வாரியமும் ஏற்குமா என்பது, அந்த அறிக்கை யார் கோப்பில் எத்தனை காலம் கிடக்கும் என்பது.

## சுருக்கமான சல்லடை வினாத்தாள்கள்

இணையத்திலோ மருத்துவரின் காத்திருப்பறையிலோ நிரப்பும் தாள்கள் இவை. நன்கு ஆராயப்பட்ட சல்லடைகளும் உண்டு. 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கான எம்-சாட் வினாத்தாள் 20 கேள்விகளில் ஆட்டிசத்துக்கான சாத்தியத்தைத் தொட்டுக்காட்டுகிறது. செலவு மிகக் குறைவு, நேரம் சில நிமிடம்.

மறைந்திருக்கும் விலை கணக்கில் இருக்கிறது. 1000 பிள்ளைகளில் 50 பேருக்கு ஒரு சிக்கல் இருப்பதாகவும், நூற்றுக்குத் தொண்ணூறு முறை சரியாகச் சொல்லும் ஒரு சல்லடை நம்மிடம் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். சிக்கல் உள்ள 50 பேரில் 45 பேரை அது பிடிக்கும். சிக்கல் இல்லாத 950 பேரிலும் பத்தில் ஒருவரை, அதாவது 95 பேரை, தவறாகப் பிடிக்கும். ஆக, பிடிபட்ட 140 பேரில் 95 பேருக்கு அந்தச் சிக்கலே இல்லை. ‘தொண்ணூறு சதவீதம் துல்லியம்’ என்ற விளம்பரம் பொய்யில்லை. ஆனால் அந்தத் தாள் ‘ஆம்’ என்று சொன்ன பிள்ளைக்குச் சிக்கல் இருக்க வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான். தவறவிடப்பட்ட 5 பேரின் பெற்றோரோ நிம்மதியாக வீடு திரும்பியிருப்பார்கள்.

அடுத்து எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாதபோது இது பொருத்தம். தாளில் வந்த எண்ணைக் காட்டிப் பிள்ளையிடமோ உறவினரிடமோ ஒரு பெயரைச் சொல்ல மட்டும் இது பொருந்தாது.

## பள்ளி வழியான மதிப்பீடு

பள்ளியில் பயிற்சி பெற்ற உளவியலாளரோ சிறப்புக் கல்வியாளரோ இருந்தால், கற்றல் தொடர்பான கேள்விகளுக்கு நான் முதலில் காட்டும் இடம் இதுதான். பிள்ளையை வாரத்தில் ஐந்து நாள் பார்க்கும் கண்கள் அங்கே இருக்கின்றன. கணக்குப் பாடத்தில் மட்டும் தலைவலி வருகிறதா, மதியத்துக்கு மேல்தான் கவனம் சிதறுகிறதா, கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் தடுமாறுகிறாளா என்பதையெல்லாம் மூடிய அறையில் இரண்டு மணி நேரம் சோதிப்பவர் அறிய முடியாது. உதவி கிடைக்கப்போவதும் அதே கட்டடத்தில்தான் என்பதால், அறிக்கைக்கும் வகுப்பறைக்கும் இடையே தூரம் குறைவு. பெரும்பாலும் தனிக் கட்டணமும் இருப்பதில்லை.

குறைகள் வேறு விதமானவை. உதவி தர வேண்டிய நிறுவனமே உதவி தேவையா என்பதையும் முடிவு செய்யும்போது, வேண்டுமென்றே இல்லாவிட்டாலும் தராசு ஒரு பக்கம் சாயும்: ஆள் பற்றாக்குறையுள்ள பள்ளியில் ‘இன்னும் ஒரு பருவம் பார்ப்போம்’ என்பது எளிதாக வரும் சொல். வகுப்பைத் தொந்தரவு செய்யும் பிள்ளை வரிசையில் முந்திக்கொள்ள, சத்தமில்லாமல் பின்தங்கும் பிள்ளை, பல நேரம் பெண் குழந்தை, கண்ணில் படாமலே போகிறாள். மனநிலை, குடும்பச் சூழல் பற்றிய தகவல்கள் பள்ளிக் கோப்பில் பதிவாவதையும் பெற்றோர் யோசிக்க வேண்டும். எழுதப்பட்டது யார் யார் பார்வைக்குப் போகும் என்று கையெழுத்திடும் முன் கேட்பதில் தவறில்லை. முழு வகுப்புக்கும் ஒன்றாகத் தாள் கொடுத்து எடுக்கும் குழுச் சோதனை, தனியே அமர்த்திச் செய்யும் மதிப்பீட்டுக்கு மாற்றாகாது என்பதும் நினைவிருக்கட்டும்.

## தனியார் உளவியலாளரின் முழு மதிப்பீடு

ஆழம்தான் இதன் பலம். பெற்றோரோடு நீண்ட நேர்காணல், பிள்ளையோடு இரண்டு மூன்று அமர்வுகள், ஆசிரியருக்கு வினாத்தாள், கடைசியில் அறிக்கையை விளக்கும் சந்திப்பு என்று அமையும் மதிப்பீடு இது. 6 முதல் 16 வயது வரையுள்ளவர்களுக்கு உலகெங்கும் அதிகம் பயன்படும் கருவிகளில் ஒன்று வெக்ஸ்லர் சிறார் நுண்ணறிவு அளவுகோல். 1949இல் தொடங்கி, 2014இல் ஐந்தாம் பதிப்பு வந்தது. அது சொல்வழிப் புரிதல், காட்சி-இட உணர்வு, தர்க்கம், செயல்நினைவு (ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டே கையாளும் திறன்), வேலை வேகம் என்று ஐந்து அட்டவணைகளாக விடை தருகிறது. அதனோடு வாசிப்பு, எழுத்து, கணக்குத் திறனுக்கான அடைவுச் சோதனையும், நடத்தை வினாத்தாள்களும் சேர்ந்தால்தான் அது முழு மதிப்பீடு. நுண்ணறிவுச் சோதனையை மட்டும் செய்து அனுப்புபவர் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறார்.

இந்த ஆழத்தின் பயன் என்ன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் சொல்வது நல்லது. ஒரு பத்து வயதுப் பையனின் மொத்த மதிப்பெண் 98 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 100 என்பதால் ‘எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது’ என்று கோப்பை மூடிவிடத் தோன்றும். உள்ளே புரட்டினால் சொல்வழிப் புரிதல் 119, வேலை வேகம் 77. அறைக்குள் நடந்ததைப் பார்த்தவருக்கு இந்த எண்களின் முகம் தெரியும்: கேள்விக்கு வாய்வழியாகப் பெரியவர்களைப் போல விளக்கம் சொன்ன அதே பையன், பென்சிலைக் கையில் கொடுத்ததும் தாளோடு தலையைக் கவிழ்த்து, ஒவ்வொரு குறியையும் அழித்து அழித்துத் திரும்பப் போட்டு, ‘நேரம் முடிந்தது’ என்றதும் பாதிப் பக்கத்தோடு நிமிர்ந்து பார்க்கிறான். வகுப்பில் அவனைச் ‘சோம்பேறி’ என்று சொல்லியிருப்பார்கள். 98 என்ற எண் அவனைப் பற்றி எதையுமே சொல்லவில்லை.

எண்களை வாசிக்கும் முறையிலும் நிதானம் வேண்டும். இத்தகைய அளவுகோலில் ஏறக்குறைய 68 சதவீதப் பிள்ளைகள் 85க்கும் 115க்கும் இடையில் விழுகிறார்கள். ஒரே பிள்ளையின் மதிப்பெண்ணிலும் மேலே 5, 6 புள்ளி, கீழே 5, 6 புள்ளி என்று தள்ளாட்டம் இயல்பு. 98 என்பதை ‘92க்கும் 104க்கும் நடுவில் எங்கோ’ என்று எழுதும் அறிக்கையே நேர்மையானது. 128 வாங்கிய அக்காவையும் 124 வாங்கிய தம்பியையும் ஒப்பிட்டுப் பேசும் வீட்டில் அந்த 4 புள்ளிக்கு எந்தப் பொருளும் இல்லை.

மறைவான செலவுகள் இங்கேதான் அதிகம். முதல் ரசீதில் வருவது சோதனைக் கட்டணம் மட்டும். பள்ளிக் கூட்டத்துக்கு வருவதற்கும், கூடுதல் சான்றுக்கும், சில ஆண்டுகளில் கேட்கப்படும் மறுமதிப்பீட்டுக்கும் தனித்தனியாகக் கேட்கப்படலாம். பள்ளியோ தேர்வு வாரியமோ குறிப்பிட்ட தகுதியுள்ளவரின் அறிக்கையை மட்டுமே ஏற்கும் இடங்களில், எவ்வளவு நல்ல அறிக்கையும் அலமாரியில் தூங்கும். இன்னொரு செலவு பணத்தில் தெரியாதது: அதே சோதனையைச் சில மாதங்களுக்குள் திரும்ப எடுத்தால், முன்பே பார்த்த பழக்கத்தால் மதிப்பெண் ஏறிவிடும். ஆகவே தகுதியற்ற ஒருவரிடம் அவசரப்பட்டு எடுத்த சோதனை, சரியானவரிடம் போகும் வாய்ப்பையே ஏறக்குறைய ஓராண்டுக்குத் தள்ளிவிடுகிறது. இருபத்திரண்டு பக்க அறிக்கை ஒன்றை ஒரு தாய் என்னிடம் நீட்டியது நினைவிருக்கிறது. இருபத்தொரு பக்கம் அட்டவணை, கடைசி அரைப் பக்கத்தில் ‘கவனத்தை மேம்படுத்தவும்’ என்று ஒரு பரிந்துரை. யார், எப்படி, எந்தப் பாடவேளையில் என்று ஒரு வரிகூட இல்லை.

பள்ளியில் வசதியே இல்லாதபோது, பள்ளியின் முடிவோடு உடன்பாடு இல்லாதபோது, மீத்திறனும் கற்றல் குறைபாடும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்து ஒன்றையொன்று மறைக்கும்போது, தேர்வுச் சலுகைக்கு முறையான ஆவணம் கட்டாயம் வேண்டும்போது இந்த வழியே சிறந்தது.

## மருத்துவமனையின் பல்துறைக் குழு

குழந்தை மருத்துவர், உளவியலாளர், பேச்சு மொழி வல்லுநர், அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஆகியோர் சேர்ந்து பார்க்கும் ஏற்பாடு இது. பேச்சு வராமை, வந்த பேச்சு நின்றுபோதல், வலிப்பு, பல துறைகளில் ஒருசேர வளர்ச்சித் தாமதம், ஆட்டிச ஐயம் ஆகியவற்றில் வேறு எங்கும் நேரம் போக்காமல் இங்கே வருவதே முறை. கண்ணும் காதும் சோதிக்கப்படாமல் கற்றல் குறைபாடு என்று எழுதக்கூடாது என்ற எளிய விதி இங்கே இயல்பாகவே கடைப்பிடிக்கப்படுகிறது. மற்ற இடங்களில் அதைப் பெற்றோர்தான் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. காத்திருப்பு நீளமாக இருக்கும், வகுப்பறை நடைமுறையைத் தொடும் பரிந்துரைகள் மெலிந்திருக்கும். காத்திருக்கும் மாதங்களில் பேச்சுப் பயிற்சியைத் தொடங்க எந்த அறிக்கையும் தேவையில்லை.

வளரிளம் பருவத்தினர் குறித்து ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பு வரை நன்றாகப் படித்துவந்த ஒருத்தி ஒன்பதாம் வகுப்பில் சட்டென்று சரிந்தால், அது பெரும்பாலும் நுண்ணறிவுச் சோதனைக்கான கேள்வியே இல்லை. தூக்கம், மனச்சோர்வு, பதற்றம், சக மாணவர்களின் சீண்டல், வீட்டு நிலவரம் ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தன்னைத் துன்புறுத்திக்கொள்வது பற்றியோ, வாழ விருப்பமில்லை என்றோ ஒரு சொல் வந்தாலும், எந்த மதிப்பீட்டுத் தேதிக்கும் காத்திராமல் அன்றே மருத்துவ உதவியை நாட வேண்டும்.

## இப்போதைக்குச் சோதிக்காமல், கற்பித்தலை மாற்றிப் பார்ப்பது

இந்த வழியைச் சொன்னால் ‘சும்மா இருக்கச் சொல்கிறீர்களா?’ என்று கேட்பார்கள். ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று காத்திருப்பது வேறு, குறித்த காலத்துக்குக் குறித்த உதவியைக் கொடுத்து அளந்து பார்ப்பது வேறு. கற்றல் குறைபாட்டை முடிவு செய்யவே, குறிவைத்த உதவி தந்தும் 6 மாதமாவது சிக்கல் நீடித்திருக்க வேண்டும் என்று டி.எஸ்.எம்.-5 கேட்கிறது. ஆகவே இந்த மாதங்கள் வீணாவதில்லை. பின்னர் மதிப்பீட்டுக்குப் போனாலும் அதுவே முதல் சான்று.

செய்முறை எளிது. நாள்தோறும் இருபது முப்பது நிமிடம், இரண்டு மூன்று பிள்ளைகள் மட்டும் உள்ள குழுவில், எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை வரிசையாகக் கற்றுத்தர வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள், பிள்ளை இதுவரை பார்த்திராத ஆனால் அதே கடினம் உள்ள பத்தியை ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லி, சரியாக வாசித்த சொற்களை எண்ணிக் கட்டம் போட்ட தாளில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். பன்னிரண்டு வாரத்தில் பன்னிரண்டு புள்ளிகள். 18, 19, 23, 22, 27 என்று கோடு ஏறினால், பிள்ளைக்கு இதுவரை கிடைக்காமல் போனது கற்பித்தல்தான். 18, 17, 19, 18 என்று தரையோடு படுத்துக் கிடந்தால், இனி ஒரு வாரம்கூடத் தாமதிக்காமல் முழு மதிப்பீட்டுக்குப் போகலாம். அந்தத் தாளையும் கையோடு எடுத்துப் போக வேண்டும்.

பயிற்று மொழி மாறியவர்கள், பள்ளிக்கு நீண்ட நாள் போகாமல் இருந்தவர்கள், முதல் இரண்டு வகுப்புப் பிள்ளைகள் ஆகியோருக்கு இதுவே என் முதல் தேர்வு. பொதுத்தேர்வுக்கு ஓராண்டே மீதமிருக்கும் மாணவருக்கோ, குடும்பத்தில் ஏற்கெனவே டிஸ்லெக்சியா உள்ள, கண்கூடாகப் பின்தங்கும் பிள்ளைக்கோ இது பொருந்தாது. முடிவுத் தேதி எழுதப்படாத ‘பார்ப்போம்’ என்பதே இதன் மறைவான செலவு.

## நிலைமையும் முதல் படியும்

| நிலைமை | முதலில் செல்ல வேண்டிய இடம் | கவனிக்க வேண்டியது |
|---|---|---|
| இரண்டாம் வகுப்பில் வாசிப்பு மட்டும் தடுமாற்றம் | குறித்த காலக் கற்பித்தல், கண்-காது சோதனை | முடிவுத் தேதி |
| ஐந்தாம் வகுப்பிலும் அதே தடுமாற்றம் | பள்ளி. இல்லையெனில் தனியார் | பயிற்று மொழியிலும் வீட்டு மொழியிலும் சோதனை |
| கவனச் சிதறல், வீட்டில் மட்டும் | இன்னும் மதிப்பீடு வேண்டாம். ஆசிரியரோடு பேச்சு | தூக்கம், வீட்டுச் சூழல் |
| பேச்சுத் தாமதம், ஆட்டிச ஐயம் | மருத்துவமனைக் குழு | காத்திருக்கும்போதே பயிற்சி |
| தேர்வில் கூடுதல் நேரம் வேண்டும் | வாரியம் ஏற்கும் வல்லுநர் | விதிகளை முன்பே வாசித்தல் |
| வளரிளம் பருவத்தில் திடீர்ச் சரிவு | மனநல மருத்துவர் அல்லது குழு | நுண்ணறிவுச் சோதனை முதலில் அன்று |

## நேரம் குறிக்கும் முன்

எந்த வழியானாலும் தொலைபேசியிலேயே கேட்கக்கூடிய கேள்விகள் சில உண்டு. எந்தப் பதிப்பைப் பயன்படுத்துகிறீர்கள், அதன் ஒப்பீட்டுக் குழு எப்போது, யாரைக் கொண்டு திரட்டப்பட்டது? ஆசிரியரிடம் பேசுவீர்களா? அறிக்கையை விளக்க எவ்வளவு நேரம் ஒதுக்குவீர்கள்? இதுவரை செய்த இத்தகைய மதிப்பீடுகளில் ‘எந்தக் குறைபாடும் இல்லை’ என்று எப்போதாவது எழுதியிருக்கிறீர்களா? இந்தக் கடைசிக் கேள்விக்குச் சிலர் கோபப்படுவார்கள். வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே பெயர் சூட்டும் இடத்தை அடையாளம் காண இதைவிடக் குறுக்கு வழி எனக்குத் தெரியவில்லை.

பிள்ளையிடம் என்ன சொல்வது என்பதையும் முதல் நாளே முடிவு செய்துகொள்ளலாம். ‘டெஸ்ட்’ என்றால் மார்க் என்று பொருள் கொள்ளும் வயது அது. ‘உனக்கு எது சுலபமாக வருகிறது, எது கஷ்டமாக இருக்கிறது என்று ஒருவர் உன்னோடு உட்கார்ந்து பார்க்கப் போகிறார், சில கேள்விகள் உன்னைவிடப் பெரியவர்களுக்கானவை, அவை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம்’ என்பது போதும். காய்ச்சலோ தூக்கக் குறைவோ இருந்தால் தேதியைத் தள்ளிப்போட வேண்டும். கண்ணாடி அணிபவர் அதை மறந்துவிட்டு வந்தால், காட்சிச் சோதனையின் விடை பிள்ளையைப் பற்றியதாக இருக்காது. பதின்ம வயதினராக இருந்தால், அறிக்கையை விளக்கும் சந்திப்பில் அவருக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள்; அதில் எழுதப்பட்டிருப்பது அவரைப் பற்றி.